செல்பி: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று எங்கே போனாலும் செல்பி பற்றிய கேள்விகளில் பாதி கமராவைப் பற்றியவை, மீதி ஊர் வாயைப் பற்றியவை. இரண்டையும் பிரிக்காமல் கீழே தந்திருக்கிறோம். நேரமில்லாதவர்கள் ரயில், குளம், கண்ணிவெடி பற்றிய பதிலை மட்டுமாவது வாசியுங்கள்.

செல்பி இந்தப் போன் காலத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்ததுதானே?

இல்லை. 1839இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், விளக்குச் செய்து விற்கும் குடும்பத்தைச் சேர்ந்த றொபேட் கொர்னேலியஸ், கமராவைத் தானே நிறுத்தி வைத்துவிட்டு அதன் முன்னால் நிமிடக்கணக்கில் அசையாமல் இருந்து தன்னைப் படம்பிடித்தார். அடுத்த ஆண்டு பிரான்சில் இப்பொலித் பயார், தண்ணீரில் மூழ்கிச் செத்தவர் போலக் கண்ணை மூடிச் சாய்ந்திருந்து ஒரு படம் எடுத்தார். படமெடுக்கும் முறையொன்றைத் தானும் கண்டுபிடித்திருக்க, அரசாங்கம் இன்னொரு கண்டுபிடிப்பாளரான டாகேரை மட்டும் தூக்கிப் பிடித்தது என்ற கோபம் அவருக்கு. தன் முகத்தை வைத்து நடிப்பதும் முறையிடுவதும் அந்தக் கலையோடு கூடவே பிறந்தவை. 1914இல் ரஷ்ய இளவரசி அனஸ்தாசியா, 13 வயதில், கண்ணாடியின் முன் பெட்டிக் கமராவைப் பிடித்துத் தன்னைத்தானே எடுத்து, கை நடுங்கியதால் சிரமப்பட்டதாகக் கடிதத்தில் எழுதினாள்.

போனின் முன்கமரா செல்பிக்காக வந்ததல்ல, முகம் பார்த்துக் கதைப்பதற்காக வந்தது. 1999இல் ஜப்பானின் கியோசெரா நிறுவனம் அப்படியொரு போனை விற்றது. 2010 ஜூனில் ஐபோன் 4 முன்கமராவோடு வந்தது, அதே ஆண்டு ஒக்டோபரில் இன்ஸ்டகிராம் தொடங்கியது. 2013இல் ஒக்ஸ்போட் அகராதி ‘செல்பி’யை ஆண்டின் சொல்லாக அறிவித்தது.

வன்னியின் கணக்கு வேறு. யுத்தம் முடியும்வரை இங்கே பெரும்பாலான கிராமங்களில் கைத்தொலைபேசிச் சேவையே இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி வாங்குவதே பெரும்பாடு. ஆகவே போனும் முன்கமராவும் ஏறக்குறையச் சேர்ந்தே வந்தன. ஸ்ரூடியோவுக்கும் செல்பிக்கும் நடுவில் மற்ற ஊர்கள் கண்ட டிஜிட்டல் கமராக் காலம் இங்கே பல வீடுகளுக்குள் நுழையவேயில்லை.

சரி, ஆனால் இது வெறும் தற்பெருமைதானே?

சிலருக்கு அப்படித்தான். அதை வைத்து வன்னி முழுவதையும் அளப்பது பிழை.

ஒரு படத்தைப் பார்க்கும்போது கமரா யார் கையில் இருந்தது என்று முதலில் கேளுங்கள். பல பத்தாண்டுகளாக வன்னி மக்களைப் படம் எடுத்தவர்கள் மற்றவர்கள்: அடையாள அட்டைக்கு ஸ்ரூடியோக்காரர், பதிவுக்கு அதிகாரி, அறிக்கைக்குத் தொண்டு நிறுவனம், செய்திக்குப் பத்திரிகைக்காரர். 2009இல் செட்டிகுளம் முகாம்களில் இருந்தவர்களின் முகங்கள் உலகம் முழுவதும் போயின. எந்த முகத்தோடு நிற்பது என்பதையோ எந்தப் படம் வெளியே போவது என்பதையோ அவர்கள் தீர்மானிக்கவில்லை. அதே நேரத்தில் அவர்களுடைய சொந்த அல்பங்கள் இடப்பெயர்வுகளில் மழையிலும் பங்கரிலும் போய்விட்டன. கலியாணப் படம்கூட மிஞ்சாத வீடுகள் உண்டு. 2017 பெப்ரவரி 20 தொடக்கம் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தில் இருந்தபோது ஏந்தியிருந்த படங்களைக் கவனித்திருப்பீர்கள். பல, அடையாள அட்டைப் படத்தையோ ஒரு கூட்டப் படத்தின் மூலையையோ பெருப்பித்தவை. வேறு படம் இருந்தால் அதைத்தானே பிடித்திருப்பார்கள்.

இந்தப் பின்னணியில், ஒரு பெண் தன் வீட்டுக் கிணற்றடியில் தனக்குப் பிடித்த முகத்தோடு, தனக்குப் பிடித்த நேரத்தில், பிடிக்காவிட்டால் அழித்துவிடும் உரிமையோடு ஒரு படம் எடுப்பதை நாங்கள் சின்ன விடயமாக நினைக்கவில்லை.

இன்னொன்று: ‘எல்லாரும் செல்பிதான் போடுகிறார்கள்’ என்பதும் கண்ணின் மயக்கம். 2013இல் பாங்கொக், பேர்லின், மொஸ்கோ, நியூயோர்க், சாவோ பாவ்லோ ஆகிய ஐந்து நகரங்களின் இன்ஸ்டகிராம் படங்களை ஆய்வாளர் லெவ் மனோவிச் குழுவினர் எண்ணிப் பார்த்தார்கள். தனியாள் செல்பிகள் 3 முதல் 5 வீதம்தான். முகம் கண்ணை இழுக்கும், அதனால் எண்ணிக்கை கூடியதாகத் தெரியும்.

அடிக்கடி செல்பி எடுப்பது மனநோய் என்று பத்திரிகையில் வந்ததே?

2014 மார்ச்சில் ஒரு நையாண்டி இணையத்தளம் கட்டிவிட்ட கதை அது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் ‘செல்பைட்டிஸ்’ என்று ஒரு நோயை அறிவித்ததாக எழுதியது. சங்கம் அப்படி எதையும் அறிவிக்கவில்லை. பின்னர் 2017இல் அந்தப் பெயரையே எடுத்து, இந்திய மாணவரிடையே செல்பிப் பழக்கத்தை அளக்கும் ஒரு கேள்விக்கொத்தை ஆய்வாளர்கள் இருவர் உருவாக்கினார்கள். அது பழக்கத்தின் அளவுகோல் மட்டும்.

எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிள்ளை திருத்தாத முகத்தோடு வெளியே வரவே மறுத்தால், ‘லைக்’ குறைந்த நாளில் சாப்பிடாமல் படுத்தால், அப்போது கதையுங்கள், தேவையென்றால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

செல்பியில் மட்டும் மூக்கு ஏன் பெருத்துத் தெரிகிறது?

தூரம்தான் காரணம். போனை 30 செ.மீ. தூரத்தில் பிடித்தால், மூக்கு நுனியைவிடக் காது பத்துப் பன்னிரண்டு செ.மீ. பின்னால் இருக்கிறது. 30இல் 12 பெரிய பங்கு, ஆகவே முன்னால் இருப்பது ஊதியும் பின்னால் இருப்பது ஒடுங்கியும் விழும். அதே 12 செ.மீ. 150இல் ஒரு பொருட்டல்ல. 2018இல் வெளியான ஒரு கணிப்பின்படி, 30 செ.மீ. செல்பியில் மூக்கின் அடி, ஒன்றரை மீற்றர் படத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ 30 வீதம் அகலமாகத் தெரிகிறது. இதை நம்பி மூக்கைச் சத்திரசிகிச்சை செய்யக் கேட்டு வருகிறவர்களுக்காகவே அந்தக் கணக்கைப் போட்டார்கள்.

கையை முழுதாக நீட்டினால் 50, 60 செ.மீ. கிடைக்கும். அதைவிட நல்லது, போனை மோட்டார் சைக்கிள் சீற்றிலோ மதில் மேலோ செருப்பை முட்டுக்கொடுத்துச் சாய்த்து, பின்கமராவில் 10 விநாடி ரைமர் போட்டு, ஒன்றரை மீற்றர் தள்ளி நின்று எடுத்துவிட்டு ஓரங்களை வெட்டுவது. பின்கமரா பெரும்பாலும் முன்கமராவைவிடத் தெளிவானது. கூட்டமாக எடுக்கும்போது ஓரத்தில் நிற்பவரின் தலை இழுபட்டு நீளும், போனுக்குக் கிட்ட நிற்பவரின் முகம் பெருக்கும். யார் ஓரத்தில், யார் முன்னால் என்பதில் மச்சாள்மாருக்குள் சண்டை வராமல் பார்ப்பது உங்கள் பொறுப்பு.

திரையில் வடிவாக இருந்த முகம், சேமித்த பிறகு கோணலாகத் தெரிகிறதே?

எடுக்கும்போது போன் உங்களுக்குக் காட்டுவது கண்ணாடி முகம். சேமிக்கும்போது பல போன்கள் அதை மற்றவர் பார்க்கும் பக்கத்துக்குத் திருப்பிவிடும். எந்த முகமும் இரு பக்கமும் ஒன்றல்ல. 1977இல் நடந்த ஒரு அமெரிக்க ஆய்வில், ஆட்கள் தங்கள் கண்ணாடிப் படத்தையே விரும்பினார்கள், அவர்களுடைய சிநேகிதர்களோ நேர்ப்படத்தை விரும்பினார்கள். பழகிய முகம் பிடிக்கிறது, அவ்வளவுதான். கமரா அமைப்பில் முன்கமராப் படத்தைக் கண்ணாடி போலச் சேமிக்கும் தெரிவை இயக்கலாம். ஆனால் உடுத்திருக்கும் சேட்டில் உள்ள எழுத்தும் பின்னால் உள்ள பெயர்ப்பலகையும் இடம்வலம் மாறிவிடும்.

எந்த நேரத்து வெளிச்சம் நல்லது?

காலை ஆறரை முதல் எட்டு, பின்னேரம் நாலரை முதல் ஆறு. பதினொன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் வெயிலில் எடுத்தால் கண்குழியில் கருநிழல், மூக்கின் கீழ் மீசை போல் நிழல். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாள்களிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் வன்னிக்கு நேர் உச்சியில் நிற்கும், அப்போது இந்த நிழல் மிக மோசம். கட்டாயம் மத்தியானத்தில்தான் எடுக்க வேண்டுமென்றால் தாழ்வார ஓரத்தில், நிழலுக்குள் ஒரு அடி தள்ளி, முற்றத்தைப் பார்த்தபடி நில்லுங்கள். கூட்டிய மணல் முற்றம் வெளிச்சத்தைக் கீழிருந்து தெறித்து நிழலை நிரப்பும். செம்மண் முற்றமும் நிரப்பும், ஆனால் முகத்தில் சிவப்புச் சாயல் ஏறும். நீலத் தறப்பாளின் கீழ் எடுத்தால் நீல முகம்தான்.

என் நிறத்தைப் போன் ஏன் வெளுப்பாக்குகிறது?

பல போன்களில் ‘பியூட்டி’ என்ற வேலை வாங்கும்போதே இயங்கியபடி வருகிறது. தோலை வழித்து, வெளுத்து, தாடையை ஒடுக்கி, கண்ணைப் பெருப்பிக்கும். கமராவைத் திறந்து அந்தக் குறியைத் தொட்டு எல்லா அளவையும் பூச்சியத்துக்குக் கொண்டு வாருங்கள். சில போன்களில் ‘போர்ட்ரெயிட்’ முறைக்குள் தனியாக இன்னொன்று ஒளிந்திருக்கும், அதையும் பாருங்கள்.

எதிர்ப் பிரச்சினையும் உண்டு. வெள்ளைப் பள்ளிச் சீருடை, வெள்ளை வேட்டி, பின்னால் வெளுத்த வானம் என்றால், கமரா எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி பார்த்து வெளிச்சத்தைக் குறைக்கும், கறுத்த முகம் கரியாகும். திரையில் முகத்தை ஒருதரம் தொடுங்கள், சூரியன் போன்ற குறி வரும், அதைச் சற்று மேலே இழுங்கள். மூக்கிலும் நெற்றியிலும் வெள்ளைத் திட்டு விழத் தொடங்கினால் கொஞ்சம் இறக்குங்கள். கறுத்த தோலில் பக்கவாட்டு வெளிச்சம்தான் மினுக்கத்தையும் அழகையும் காட்டும். வெளுப்பாக்கும் பில்டரை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

படம் எப்போதும் புகை படிந்த மாதிரி வருகிறது.

முன்கமராவில் தேங்காயெண்ணெயும் வியர்வையும். போனைக் காதில் வைத்துக் கதைக்கும்போது கன்னத்திலிருந்து ஒட்டுகிறது. பழைய பருத்தி வேட்டித் துணியால் துடையுங்கள். புழுதி வீதியில் வந்திருந்தால் முதலில் ஊதிவிட்டுத் துடையுங்கள், இல்லாவிட்டால் மணல் கீறும்.

கோயிலில், தேவாலயத்தில் எடுக்கலாமா?

வற்றாப்பளைப் பொங்கலுக்கும் மடுத் திருவிழாவுக்கும் வெளிவீதியில் எடுக்காதவர் குறைவு. எல்லை மூலஸ்தானமும் பூசை நேரமும் திருப்பலி நேரமும். சாமிக்கு முதுகு காட்டி நின்று எடுப்பது பெரியவர்களுக்குப் பிடிக்காது, பக்கவாட்டில் நின்றால் சாமியும் படத்தில் வரும், ஏச்சும் வராது.

பௌத்த இடங்களில் இது சட்டச் சிக்கலாகவே மாறும். 2012இல் புத்தர் சிலையை முத்தமிடுவது போலப் படம் எடுத்த பிரெஞ்சுக்காரர் மூவருக்குக் காலி நீதிமன்றம் ஒத்திவைத்த சிறைத்தண்டனை கொடுத்தது. 2019 ஜனவரியில், ஹொரவப்பொத்தானைப் பக்கத்துக் கிரலாகல தூபியில் ஏறிப் படம் எடுத்து முகநூலில் போட்ட தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர் எட்டுப் பேர் கைதாகி விளக்கமறியலுக்குப் போனார்கள். தொல்பொருள் திணைக்களப் பலகை இருந்தால் ஏறாதீர்கள். இராணுவ முகாம், காவலரண் பக்கம் கமராவைத் திருப்பவும் வேண்டாம்.

செத்த வீட்டில்? முள்ளிவாய்க்காலில்?

செத்த வீட்டில் படம் எடுப்பது எங்களிடம் புதிதல்ல. பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நின்று எடுப்பதும், கனடாவிலும் சுவிசிலும் இருக்கும் பிள்ளைகள் பார்க்க நேரலை விடுவதும் வழக்கம். அது வரமுடியாதவருக்காக. செல்பியில் முன்னால் நிற்பது எடுக்கிறவரின் முகம், இறந்தவர் பின்னணியாகிவிடுவார். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. வெளிநாட்டு உறவுக்கு முகம் காட்ட வேண்டுமென்றால் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுப் பின்கமராவில் எடுங்கள்.

மே 18 நினைவேந்தலில் பக்கத்தில் அழுதுகொண்டிருப்பவருக்குத் தான் உங்கள் படத்துக்குள் இருப்பது தெரியாது. அந்த முகம் இணையத்துக்குப் போனபின் திருப்பி எடுக்க வழியில்லை. தன் குடும்பத்தின் விளக்கோடு நிற்கும் ஒருவர் தன்னை எடுத்துக்கொள்வதை நாங்கள் குற்றம் சொல்லமாட்டோம். சட்டகத்துக்குள் வேறு முகங்கள் விழாதபடி போனைத் தாழ்த்திப் பிடியுங்கள், விழுந்தால் வெட்டிவிட்டு அனுப்புங்கள்.

ஆபத்து, ஆபத்து என்கிறார்களே, எங்கே எப்படி?

2011 ஒக்டோபர் முதல் 2017 நவம்பர் வரை உலகச் செய்திகளில் வந்தவற்றைத் தொகுத்த ஒரு ஆய்வு, 137 சம்பவங்களில் 259 செல்பி மரணங்களை எண்ணியது. முதலிடம் நீரில் மூழ்குதல், அடுத்தது வாகனம், அதிலும் பெரும்பாலும் ரயில். வன்னியில் இரண்டும் உண்டு.

ரயில்: 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிவரை ரயில் திரும்ப வந்தது, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம்வரை. புதுப்பாதை, நேர்பாதை, வேகம் கூடியது. மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் வரும் ரயில் ஒரு விநாடிக்கு 25 மீற்றர் ஓடும், 250 மீற்றருக்கு அப்பால் தெரிவது 10 விநாடியில் உங்கள் மேல் நிற்கும். முன்கமரா அகலக் கோணமானது, தூரத்துப் பொருளைச் சின்னதாக்கிக் காட்டும். ஆகவே திரையைப் பார்த்துத் ‘தூரத்தில்தான் வருகிறது’ என்று நினைப்பவரை அந்தத் திரையே ஏமாற்றுகிறது. தண்டவாளத்தில் நடப்பதே சட்டப்படி குற்றம் என்பது வேறு. மிதிபலகையில் தொங்கி எடுப்பவர்கள் பாதையோரத் தூண்களைப் பார்ப்பதில்லை.

குளம்: இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் எதுவானாலும் குளம் நிரம்பி வான் பாயும்போது கூட்டம் வரும். வான் கட்டில் பாசி, கணுக்கால் அளவு நீரே காலை வாரிவிடும். முதுகு நீருக்கும் கண் திரைக்கும் இருக்கும் நேரத்தில் ஒரு அடி பின்னால் வைப்பதுதான் வழக்கமான விபத்து. நிற்கும் இடத்தை முதலில் பார்த்து, பின்னால் இரண்டு மீற்றர் காய்ந்த தரை இருந்தால் மட்டும் போனைத் தூக்குங்கள். கரை நாணலுக்குள் முதலை கிடக்கும்.

யானை: ஒட்டுசுட்டான், மாங்குளம் காட்டு வீதிகளில் மாலையில் யானை நின்றால் வாகனத்தை விட்டு இறங்க வேண்டாம். ஓடி வெல்ல முடியாது. இரவில் பிளாஷ் போடவே கூடாது.

கண்ணிவெடி: முகமாலை போன்ற இடங்களில் மண்டையோட்டுப் பலகையும் சிவப்பு அடையாளக் கட்டைகளும் அலங்காரத்துக்கு நட்டவை அல்ல. பலகையோடு நின்று எடுக்கப் போகிறவர்கள் ஒரு அடி உள்ளே வைப்பது நடக்கிறது. பழைய பங்கர், உடைந்த வாகனம், துருப்பிடித்த கோது எதையும் படத்துக்காகத் தூக்கவோ அதில் ஏறவோ வேண்டாம். கண்டால் வந்த வழியே திரும்பி நடந்து கிராம அலுவலருக்கோ பொலிஸுக்கோ சொல்லுங்கள்.

அம்மம்மா படம் எடுக்க விடமாட்டா. வற்புறுத்தலாமா?

வேண்டாம். ஆயுள் குறையும் என்ற பழைய நம்பிக்கையாக இருக்கலாம், முன்பு வேறு யாரோ கேட்காமல் எடுத்த படமாகவும் இருக்கலாம். போனை அவவின் கையில் கொடுத்து அவவையே அமத்தச் சொல்லிப் பாருங்கள். ஒலியைக் கூட்டும் பொத்தானை அமத்தினால் படம் விழும், நடுங்கும் விரலுக்குத் திரையைத் தொடுவதைவிட அது சுகம். பிடிக்காததை அவவுக்கு முன்னாலேயே அழித்துக் காட்டுங்கள்.

சம்பந்தம் பேசச் செல்பி அனுப்பலாமா?

அனுப்புகிறார்கள், பிறகு நேரில் கண்டபோது முகம் வேறாகத் தெரிந்து பேச்சு முறிந்ததும் உண்டு. திருத்தாத, பகல் வெளிச்சத்து முகப்படம் ஒன்று, வேறொருவர் இரண்டரை மீற்றர் தள்ளி நின்று எடுத்த முழு உருவம் ஒன்று போதும். தரகர் குழுவில் போடும் படம் எத்தனை கைகளுக்குப் போகும் என்று கணக்கில்லை, மாப்பிள்ளை வீட்டுக்கு நேரே அனுப்புங்கள்.

என் படத்தை மாற்றி மிரட்டுகிறார்கள். என்ன செய்ய?

காசு கொடுக்காதீர்கள், கொடுத்தால் அடுத்த முறை கூடக் கேட்பார்கள். கோபத்தில் அழைப்புகளை அழிக்கவும் வேண்டாம். கணக்கின் பெயர், முகவரி, நாள், நேரம் தெரியும்படி திரைப்பிரதிகள் எடுத்து, வீட்டில் நம்பும் ஒருவரின் போனிலும் வையுங்கள். பிறகு அந்தக் கணக்கை முறையிட்டுத் தடுங்கள். 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் ‘ஸ்டொப் என்சிஐஐ’ தளத்தில் அந்தரங்கப் படத்தின் இலக்கத் தடத்தை (படத்திலிருந்து கணக்கிடும் ஒரு குறியீட்டை) பதிந்தால், இணைந்துள்ள தளங்களில் அது ஏறாமல் தடுக்க முடியும். படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. 18க்குக் குறைந்தவர்களுக்கு ‘ரேக் இற் டவுன்’. உதவிக்கு அழைக்கும் தொலைபேசி இலக்கம்: பெண்கள் 1938, சிறுவர் விடயம் 1929. பொலிஸில் முறைப்பாட்டைத் தமிழில் எழுதக் கேளுங்கள், விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைக்காதீர்கள். பிள்ளையை அடித்துப் போனைப் பறித்தால் அடுத்த மிரட்டலை அது உங்களிடம் சொல்லாது.

படங்களை எப்படிப் பத்திரப்படுத்துவது?

போன் குளத்தில் விழும், மெமரி காட் ஒருநாள் சொல்லாமல் சாகும். அல்பம் இழந்த ஊர்க்காரருக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு படமும் இரண்டு இடத்திலாவது இருக்கட்டும். 12 மெகாபிக்சல் படம் ஒன்று மூன்று, நான்கு எம்பி, ஒரு ஜிபியில் 250 முதல் 300 அடங்கும். கூகிள் கணக்கில் இலவசம் 15 ஜிபி, மின்னஞ்சலும் அதற்குள்தான்.

வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் ஏறத்தாழ 1600 புள்ளிக்குச் சுருங்கும். 4×6 அங்குலப் பிரதிக்கு 1200×1800 தேவை, ஆகவே சமாளிக்கலாம். 8×12க்கு 2400×3600 வேண்டும், சுருங்கியதை அதில் அடித்தால் முகம் கட்டம் கட்டமாகும். சுவரில் மாட்டும் படமென்றால் ‘டொக்யுமென்ட்’ ஆக அனுப்புங்கள். அப்படி அனுப்பும்போது எடுத்த இடத்தின் விபரமும் கூடவே போகும், அந்நியருக்கு அனுப்பாதீர்கள், அல்லது கமரா அமைப்பில் இடக்குறிப்பை நிறுத்தி வையுங்கள். வருடத்துக்கு ஒரு இருபது படமாவது கடையில் அடித்து, பின்பக்கத்தில் பென்சிலால் பெயர், ஊர், நாள் எழுதுங்கள். எழுதாத படம் இரண்டு தலைமுறையில் ‘யாரோ ஒரு ஆள்’ ஆகிவிடும்.

மிஞ்சிய ஒரேயொரு பழைய படத்தைப் போனால் பிரதி எடுக்கலாமா?

எடுக்கலாம், இன்றைக்கே எடுங்கள். பிளாஸ்ரிக் உறை சுகமாகக் கழன்றால் கழற்றுங்கள், ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், முகம் உரியும். யன்னலுக்குப் பக்கத்தில், வெயில் நேரே விழாத மேசையில் வைத்து, போனை அதற்கு நேர் மேலே தட்டையாகப் பிடித்து, திரையில் இரு மடங்கு கிட்ட இழுத்து (சூம் செய்து), பிளாஷ் இல்லாமல் எடுங்கள்.

அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் செல்பி கொடுக்கலாமா?

முடியாது. இரண்டுக்கும் அந்தந்தத் திணைக்களத்தில் பதிவுபெற்ற ஸ்ரூடியோவில்தான் எடுக்க வேண்டும், படம் அங்கிருந்தே கணினி வழியாகப் போகும். கையில் தரும் பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள்.